குவாரி லேக்ஸில் ட்ரௌட் பிடிக்க என்ன தூண்டில், என்ன இரை?

கேட்டவர் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்டில் குடியிருக்கிறார். ஊரில் கண்மாயிலும் வாய்க்காலிலும் மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மண்புழு என்று கெளுத்தியும் ஜிலேபியும் பிடித்து வளர்ந்தவர். இப்போது ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் குவாரி லேக்ஸில் ட்ரௌட் பிடிக்க ஆசை. மைத்துனர் கொடுத்த பத்தடி கடல் தூண்டில் ஒன்று 20 பவுண்டு எடை தாங்கும் நரம்போடு கராஜில் கிடக்கிறதாம். அது போதுமா, இரைக்கு மைதா உருண்டை நடக்குமா, எல்லாம் 100 டாலருக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கடல் கம்பு கராஜிலேயே இருக்கட்டும். மைதா உருண்டை இந்த மீனுக்குச் சரிப்படாது. 100 டாலருக்குள் தாராளமாக முடியும், ஆனால் லைசன்ஸ் செலவு தனி. ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் போய் நின்றால் சுவர் முழுக்கத் தொங்கும் சாமான்களில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே இல்லை.

நீங்கள் பிடிக்கப் போகும் மீன் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். குவாரி லேக்ஸ், ப்ளெசன்டனில் ஷேடோ கிளிஃப்ஸ், லிவர்மோர் மலையில் டெல் வாயே, இந்த ஏரிகளில் குளிர் மாதங்களில் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரௌட்டை லாரியில் கொண்டுவந்து விடுகிறார்கள். ட்ரௌட் குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் உற்சாகமாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். அதனால்தான் கோடையில் இங்கே ட்ரௌட் விடுவதில்லை, அப்போது கெளுத்தி முறை. பண்ணை மீன் பிறந்ததிலிருந்து மேலேயிருந்து தூவப்படும் தீவன உருண்டையைத் தின்று வளர்ந்தது. பூச்சி, புழு, சின்ன மீன் எல்லாம் இரை என்பதை ஏரிக்கு வந்த பிறகுதான் அது கற்றுக்கொள்ளும். எந்தக் கம்பு, எந்த நரம்பு, எந்த இரை என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்துவிடும்.

(இடையில் ஒரு சுவையான தகவல். ரெயின்போ ட்ரௌட் உங்கள் பகுதியின் சொந்த மீன். உங்களுக்குக் கொஞ்சம் வடக்கே ஓடும் சான் லியாண்ட்ரோ ஓடையில் பிடித்த மீன்களை வைத்து 1855இல் கிப்பன்ஸ் என்ற மருத்துவர் இதற்கு 'இரிடியா' என்று பெயர் வைத்தார். அந்த ஓடையை மறித்துக் கட்டியதுதான் லேக் ஷபோ. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதும் இதே இனம்தான்.)

சரி, நரம்புக்கு வருவோம். எல்லோரும் கம்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் நரம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மீன் மாட்டுகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். 4 பவுண்டு நைலான் நரம்பு வாங்குங்கள். மானோ என்று கேட்டால் தருவார்கள். சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் "இதுவா தாங்கும்?" என்று தோன்றும். இங்கே விடும் மீன் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியது. எப்போதாவது இரண்டு கிலோ வரும். நரம்பைச் சுற்றும் ரீலைச் சரியாக வைத்திருந்தால் அதையும் இந்த நரம்பு தாங்கும்.

மெல்லிசு எதற்கு? குவாரி லேக்ஸ் ஒரு காலத்தில் ஜல்லி தோண்டிய குழிகள். தண்ணீர் தெளிவு. தடித்த நரம்பு மீனின் கண்ணில் படும். அதைவிட முக்கியமான காரணம், உங்கள் இரை கடலை அளவுதான் இருக்கும். தடித்த நரம்பு அந்தச் சின்ன இரையை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அது தண்ணீரில் மிதந்து ஆடாது. எடை குறைந்த இரையை வீசும்போதும் தடித்த நரம்பு ரீலிலிருந்து சுருள் சுருளாக வந்து பாதித் தூரத்திலேயே நின்றுவிடும். மைத்துனரின் 20 பவுண்டு நரம்பில் ட்ரௌட்டே மாட்டாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் 4 பவுண்டு போட்டவர் நான்கு மீன் எடுக்கும்போது நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

பின்னல் நரம்பு வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அது நீளாது, சின்ன முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முடிச்சும் புதியவர்களுக்கு வழுக்கும். நைலான் கொஞ்சம் இழுபடும், அந்த இழுபடல் உங்களைக் காப்பாற்றும்.

இந்த நரம்புக்கு ஏற்ற கம்பு, அல்ட்ராலைட் அல்லது லைட் என்று எழுதியிருக்கும் ஆறு, ஆறரை அடி ஸ்பின்னிங் கம்பு. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் எத்தனை பவுண்டு நரம்பு, எவ்வளவு எடை வீசலாம் என்று அச்சடித்திருப்பார்கள். நரம்பு 2–6 பவுண்டு, எடை 1/16–1/4 அவுன்ஸ் என்று இருந்தால் சரி. நுனி நன்றாக வளைய வேண்டும். மீன் திடீரென்று ஓடும்போது அந்த வளைவுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மெல்லிய நரம்பும் வளையும் கம்பும் ஜோடியாக வேலை செய்பவை. கடல் கம்பில் இந்த நரம்பைச் சுற்றினால் முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும்.

ரீல் 1000 அல்லது 2000 எண் கொண்ட ஸ்பின்னிங் ரீல். கம்பும் ரீலும் சேர்ந்து காம்போவாக 40 முதல் 60 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இல்லாமல் ஓடுகிறதா? முன்பக்கக் குமிழைத் திருகி நரம்பை இழுத்துப் பாருங்கள், விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வருகிறதா? அது போதும். அந்தக் குமிழ்தான் ட்ராக் (drag). நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு இழுத்தாலே நரம்பு வெளியே ஓட வேண்டும், அதாவது 4 பவுண்டு நரம்புக்கு ஒரு பவுண்டு அளவு. பெரும்பாலான மீன்கள் தப்பிப்பது ட்ராக்கை இறுக்கி வைத்துவிட்டு, மீன் வந்ததும் பதற்றத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான். அது ஓடும்போது சுற்றாதீர்கள், நின்றதும் சுற்றுங்கள்.

காம்போவில் ஏற்கெனவே சுற்றி வரும் நரம்பு பெரும்பாலும் தடித்ததாகவும் சுருண்டும் இருக்கும். அதை எடுத்துவிட்டு நீங்கள் வாங்கிய 4 பவுண்டை, ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை சுற்றுங்கள். குறைவாகச் சுற்றினால் வீச்சு குறையும், விளிம்பு வரை சுற்றினால் கொத்தாக அவிழ்ந்து சிக்கும். ரீல் வாங்கும் கடையிலேயே சுற்றித் தரச் சொல்லலாம்.

மகளுக்கு கார்ட்டூன் படம் போட்ட இரண்டடி பொம்மைக் கம்பு வாங்காதீர்கள். அதில் வீசவும் முடியாது, மீனை இழுக்கவும் முடியாது. ஐந்தரை அடிக் கம்பில் பட்டனை அழுத்தி வீசும் மூடிய ரீல் போதும். அது மலிவு, சிக்கலும் குறைவு. முள் இல்லாமல் ஈயம் மட்டும் கட்டி, பார்க்கில் புல்வெளியில் அரை மணி நேரம் வீசிப் பழகட்டும்.

இனி இரை. மைதா உருண்டை கெண்டைக்கு அருமையான இரை, அதில் சந்தேகமே இல்லை. பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தால் இங்கே இருக்கும் கார்ப் மீனும் விடாது. ஆனால் மைதா மூழ்கும். கெண்டை தரையை முகர்ந்து சேற்றைக் கிளறித் தின்னும் மீன்; ட்ரௌட் தரையிலிருந்து சற்று மேலே சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு எதிரே வருவதைக் கவ்வும் மீன். ஏரியின் அடியில் பாசி இருக்கும். மூழ்கும் உருண்டை அந்தப் பாசிக்குள் புதைந்துவிட்டால் ட்ரௌட்டுக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் இங்கே எல்லோரும் மிதக்கும் மாவு போடுகிறார்கள். பெர்க்லி கம்பெனியின் பவர்பெய்ட் என்ற சின்ன ஜாடி எந்தக் கடையிலும் கிடைக்கும். பண்ணைத் தீவனத்துக்குப் பழகிய மீன் இதைத் தயங்காமல் எடுக்கும். நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு வேதம் ஓதுவார்கள். இளம்பச்சை கலந்த மஞ்சள் ஒன்று, ஆரஞ்சோ இளஞ்சிவப்போ ஒன்று, பூண்டு வாசனை உள்ளதாக இரண்டு ஜாடி வாங்குங்கள். ஒன்றுக்கு அரை மணி நேரம் மீன் வரவில்லை என்றால் அடுத்ததைப் போடுங்கள். பதினைந்து நிறம் வாங்கி அடுக்கும் காசுக்கு நல்ல முள் வாங்கலாம்.

இந்த மாவு மிதப்பது தானாக நடக்காது. முள்ளின் எடையைத் தூக்கும் அளவுக்கு மாவு இருக்க வேண்டும், முள்ளும் சின்னதாக இருக்க வேண்டும். 16 அல்லது 18ஆம் எண் மும்முள் எடுங்கள். முள்ளுக்கு எண் ஏற ஏற அளவு சின்னதாகும், கடையில் குழம்பிவிடாதீர்கள். முள் வெளியே தெரியாமல் மூடும்படி மாவை உருட்டி, வீசுவதற்கு முன் காலடியில் இருக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மேலே எழும்பினால் வீசுங்கள், மூழ்கினால் இன்னும் கொஞ்சம் மாவு சேருங்கள். இந்தப் பத்து விநாடிச் சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். பெரிய முள்ளைப் போட்டு அதன் மேல் குட்டி உருண்டை வைத்துவிட்டு "இன்றைக்கு மீனே இல்லை" என்று கிளம்புகிறவர்களை எல்லா ஏரிக் கரையிலும் பார்க்கலாம்.

கட்டும் முறை எளிது. ரீலிலிருந்து வரும் நரம்பில் நடுவில் துளை உள்ள 1/4 அவுன்ஸ் ஈயக்குண்டைக் கோர்த்துவிடுங்கள், அது சுமார் 7 கிராம். அடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் மணி. பிறகு நரம்பின் நுனியில் சின்ன ஸ்விவலை, அதாவது இரண்டு பக்கமும் தனித்தனியே சுழலும் உலோக வளையத்தை, கட்டுங்கள். மணி இருப்பதால் ஈயம் முடிச்சை இடிக்காது. ஸ்விவலின் மறுபக்கம் 2 அல்லது 4 பவுண்டு லீடர் நரம்பு ஒன்றரை அடி முதல் இரண்டரை அடி வரை, அதன் முனையில் முள். ஈயம் தரையில் உட்காரும். மாவு லீடரின் நீளத்துக்கு மேலே எழும்பி நிற்கும். மீன் கவ்வி நகர்ந்தால் நரம்பு ஈயத்தின் துளை வழியாக ஓடும், மீனுக்கு எடை தெரியாது. ஊரில் ஈயத்தை நரம்போடு இறுக்கிக் கட்டுவோமே, அப்படிக் கட்டினால் சந்தேகப்பட்டுத் துப்பிவிடும்.

லீடரின் நீளம்தான் நீங்கள் அங்கே போய்த் தீர்மானிக்க வேண்டியது. சுற்றி எடுக்கும்போது மாவில் பாசி ஒட்டியிருந்தால் இரை பாசிக்குள் கிடந்தது என்று அர்த்தம். அரை அடி கூட்டுங்கள். லீடருக்கு ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு நல்லது என்பார்கள், தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது என்பதால். ஆனால் அது நைலானைவிட எளிதில் மூழ்கும். மிதக்கும் இரைக்கு மெல்லிய ஃபுளோரோகார்பன் பரவாயில்லை, தடித்தது கூடாது. கட்டும்போது முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்ந்து சூடாகி அந்த இடத்தில் நரம்பு பலவீனமாகிவிடும். சின்ன ஈயங்களைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மகள் பார்த்துக் கற்றுக்கொள்வாள், குறடு எடுத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் செய்த எடையும் கிடைக்கிறது.

மண்புழு? தாராளமாக. மீன் விட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டால் மாவைவிடப் புழுவுக்கே அதிகம் வரும், அதற்குள் அவை ஏரிச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும். இங்கே டப்பாவில் விற்கும் நைட்கிராலர் நம் ஊர்ப் புழுவைவிட மூன்று மடங்கு தடி. முழுதாகக் கோர்த்தால் ட்ரௌட் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். பாதியாகக் கிள்ளி 8ஆம் எண் ஒற்றை முள்ளில் போடுங்கள். இதுவும் மூழ்கும் இரைதான், ஆகவே அதே ஈயக் கட்டில் மிதக்கவைக்க ஒரு வழி உண்டு: புழுவுக்குள் காற்றேற்றுவது. அதற்கென்று ஊசி பொருத்திய சின்ன பிளாஸ்டிக் பாட்டில் விற்கிறார்கள். புழுவின் உடம்பில் குத்தி லேசாக அழுத்தினால் ஒரு குமிழ் உண்டாகி அது எழும்பி நிற்கும். விரலில் குத்திக்கொள்ளாமல், உள்ளங்கையில் வைக்காமல், ஏதாவது மூடியின் மேல் வைத்துச் செய்யுங்கள். மீதமுள்ள புழு டப்பா ஃபிரிட்ஜில்தான் கெடாமல் இருக்கும். அதை வீட்டில் எப்படிச் சொல்லிச் சமாளிப்பது என்பது உங்கள் சாமர்த்தியம்.

மகளுக்கு ஈயத்தைவிடத் தக்கை நல்லது. கம்பையே பார்த்துக்கொண்டு உட்கார ஒன்பது வயதில் பொறுமை இருக்காது. தக்கை அமுங்குவதைப் பார்ப்பதில் ஒரு பரபரப்பு உண்டு. சின்னத் தக்கை, நான்கைந்து அடி கீழே பாதிப் புழு, நடுவில் ஒரு பொடி ஈயம். காலையில் மீன் மேலே சுற்றும்போது இது ஈயக்கட்டை ஜெயித்துவிடும். உயிருள்ள சிறு மீனை இரையாகப் போடும் பழக்கம் ஊரில் இருந்திருந்தால் இங்கே மறந்துவிடுங்கள், அதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம்.

லூர், அதாவது மின்னி மீனை ஏமாற்றும் உலோகச் செயற்கை இரை, இரண்டு போதும். 1/8 அவுன்ஸ் தங்க நிறக் கேஸ்ட்மாஸ்டர் ஒன்று, அதைவிடச் சின்னப் பாந்தர் மார்ட்டின் ஸ்பின்னர் ஒன்று. இரைக்கு அசைவே இல்லாதபோது கரையோரமாக நடந்துகொண்டே வீசி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் மீனும் மந்தமாகத்தான் இருக்கும். ஸ்பின்னர் நரம்பை முறுக்கும், ஆகவே அதிலிருந்து ஒன்றரை அடி மேலே ஒரு ஸ்விவல் போட்டுக்கொள்ளுங்கள்.

லூரைப் பற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பிடித்ததைத் திருப்பி விடுவதாக இருந்தால் மாவும் புழுவும் போடாதீர்கள். இரையை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையில் மாட்டும், அதைப் பிடுங்கினால் மீன் பிழைக்காது. விடும் எண்ணம் இருந்தால் லூர், அதிலும் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டு. இரை போடுகிற நாளில் அனுமதித்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவதுதான் நியாயம். அளவில் சின்னது விழுங்கிவிட்டால் முள்ளுக்கு மேலே நரம்பை வெட்டிவிட்டு விடுங்கள். இந்தச் சாமான்களோடு உற்சாகமாக ஏதோ ஒரு மலை ஓடைக்குப் போய்விடவும் வேண்டாம். உதாரணமாக வின்டர்ஸ் ஊருக்கு மேலே புட்டா க்ரீக்கில் இரையே கூடாது. எதிர்க்கொக்கி இல்லாத முள்ளும் செயற்கை இரையும் மட்டும்தான், ஒரு மீனைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஒவ்வொரு நீருக்கும் தனிச் சட்டம்.

லைசன்ஸ் 16 வயது நிரம்பியவர்களுக்குக் கட்டாயம். உங்களுக்கு வேண்டும், மகளுக்கு வேண்டாம். 2023 முதல் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும், 60 டாலரைத் தாண்டும். பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் என்றால் ஒரு நாள் லைசன்ஸ் எடுங்கள். மாநில அரசு ஆண்டுக்கு இரண்டு நாள் லைசன்ஸ் இல்லாமல் பிடிக்க விடும், ஆனால் அவை கோடையில் வருவதால் ட்ரௌட்டுக்கு உதவாது. இது தவிர குவாரி லேக்ஸ் போன்ற கிழக்கு விரிகுடாப் பூங்கா ஏரிகளில் அந்தந்த நாளுக்கான மீன்பிடி அனுமதிச் சீட்டு தனி. ஒரு லைசன்ஸுக்கு ஒரு கம்புதான். இரண்டாவது கம்பு வைக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும். மகளின் கம்பையும் நீங்களே பிடித்துக்கொண்டு நின்றால், மீன்பிடிச் சட்டத்தைக் கண்காணிக்கும் வார்டன் அதை உங்களுடையதாகத்தான் கணக்கிடுவார்.

எங்கே வீசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முடிந்தவரை தூரமாக எறிய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். புதிதாக விட்ட மீன் சில நாட்களுக்கு விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, கரையை ஒட்டிக் கூட்டமாகச் சுற்றும். முதல் வீச்சு 15 அடி, அடுத்தது 30 அடி, பிறகு அதற்கு மேல் என்று தள்ளிக்கொண்டே போங்கள். எந்த வாரம் எங்கே மீன் விடுகிறார்கள் என்பதைப் பூங்கா இணையதளத்தில் போடுவார்கள். விட்ட வாரத்தின் இறுதியில் போனால் கூட்டமும் இருக்கும், மீனும் இருக்கும். விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம் நல்ல நேரம். அரை மணிக்குள் ஒன்றுமே அசையவில்லை என்றால் ஐம்பது அடி தள்ளிப் போய் உட்காருங்கள்.

கணக்குப் பார்த்தால் காம்போ 50, நரம்பும் லீடரும் 12, முள், ஈயம், ஸ்விவல், மணி எல்லாம் 12, மாவு இரண்டு ஜாடி 10, லூர் இரண்டு 10. இது சுமார் 94 டாலர் ஆகிறது, கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். மகளின் கம்பு 20, 25 கூட ஆகும். உங்கள் 100க்குள்ளேயே இரண்டு பேருக்கும் வேண்டும் என்றால் லூரை விட்டுவிட்டு 35 டாலர் காம்போவாகப் பாருங்கள். நரம்பிலும் முள்ளிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வலை வாங்கும்போது ரப்பர் வலையாக வாங்குங்கள். நூல் வலையில் மும்முள் சிக்கினால் அதை எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

மீன் கிடைத்தால் உடனே கொன்று ஐஸ் பெட்டியில் வையுங்கள். கயிற்றில் கோர்த்து வெயிலில் தொங்கவிட்டால் ட்ரௌட்டின் சதை சீக்கிரம் குழைந்துவிடும். செதில் சுரண்ட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத பொடிச் செதில்தான். வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் கசக்கும். குழம்புக்கு இது அவ்வளவு சரிவராது, சதை மெல்லிசு, உதிர்ந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி இரும்புக் கல்லில் தோலோடு வறுத்துப் பாருங்கள்.